கோர்ஸ் லிஸ்ட்ல எதை எடுக்கறது? – வாசகர் கடிதம்

அண்ணே வணக்கம். பர்மாவுல மோல்மேன் ஊர்ல இருந்து எழுதுறேன். ஆன்லைன்ல நடத்துற ஒரு லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல ஸ்காலர்ஷிப்போட சீட் கிடைச்சிருக்கு. மொத டெர்முக்கு நாலு கோர்ஸ் எடுக்கணும். லிஸ்ட்ல தத்துவம், தென்கிழக்காசிய வரலாறு, மானுடவியல், உலக இலக்கியம், அரசியல் சிந்தனை, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு என்னென்னமோ இருக்கு, தமிழ் மட்டும் இல்ல. அப்பா "இதெல்லாம் மார்க் வராதவன் படிக்கிறதுடா"ங்கறார். எனக்கு மார்க் நல்லாத்தான் வந்துச்சு. எதை எடுக்கட்டும்? பேர் போட வேணாம்ணே.

தம்பிக்கு,

அப்பா அவர் பாத்ததைத்தான் சொல்றார். நம்ம நாட்டுல பத்தாங்கிளாஸ் மார்க்கை வெச்சுத்தானே சப்ஜெக்டையே பிரிச்சாங்க, மேல வந்தவனுக்கு மெடிசின், அடுத்தவனுக்கு இன்ஜினியரிங், மிச்சம் இருக்கறவன் தலைல சரித்திரத்தையோ தத்துவத்தையோ கட்டி விடுறது. அதுலயும் 1988 மாணவர் போராட்டத்துக்கு அப்புறம் யுனிவர்சிட்டிகள வருஷக்கணக்கா மூடி மூடித் திறந்தாங்க, ரங்கூன் யுனிவர்சிட்டி மெயின் கேம்பஸ்ல 2013 கடைசிலதான் டிகிரிக்குப் பசங்கள திரும்பச் சேத்தாங்க. அந்தக் காலத்துல தத்துவம் எடுத்தவன் நோட்ஸை மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்ததோட சரி. உனக்கு வந்திருக்கறது வேற வகை. இதுல பொதுவா ரெண்டாம் வருஷக் கடைசிக்குள்ள மேஜரை, அதாவது முக்கியமா எதைப் படிக்கப்போறன்னு, சொன்னாப் போதும், அதுவரைக்கும் பலதையும் தொட்டுப் பாக்கலாம். ஸ்டாட்டிஸ்டிக்ஸை ஒண்ணா எடுத்துடு, அப்பாவும் சமாதானம் ஆவார், உனக்கும் அது வேணும்.

வரலாறு கண்டிப்பா எடு. ஏன்னா நம்ம வீட்டுல, தமிழ்நாட்டுல இருந்து வந்து வட்டிக்குக் குடுத்த செட்டியார் காலம்னா ஒரு கதை, பக்கத்து வீட்டு பர்மாக்காரங்க வீட்டுல அதுக்கு நேர்மாறா ஒரு கதை. கீழ்ப்பர்மாவுல நெல் விளையற முக்கியமான 13 ஜில்லாவுல செட்டியார் கைல 1930ல இருந்த நிலம் 6 சதவீதம், 1938க்குள்ள 25 சதவீதம் ஆயிடுச்சு, நடுவுல என்ன நடந்துச்சுன்னா உலகம் முழுக்க மந்தம் வந்து நெல் விலை விழுந்து, கடன் வாங்கினவனால கட்ட முடியாம அடமானம் வெச்ச நிலம் முழுகிப்போச்சு. வட்டிக்குக் குடுத்தவனும் நிலத்தை விரும்பி வாங்கல, இழந்தவன் கோவமும் பொய்யில்ல. ரெண்டு தரப்பு ஆவணத்தையும் எதிர்ல வெச்சுப் படிச்சு, எவன் எதை ஏன் சொல்றான்னு பத்துப் பக்கம் எழுத வெப்பாங்க பாரு, அதுக்குத்தான் இந்தப் படிப்பு.

அரசியல் சிந்தனைல ஃபர்னிவால் வர வாய்ப்பு உண்டு. இங்க அதிகாரியா இருந்த வெள்ளைக்காரர், 1910ல பர்மா ஆராய்ச்சிச் சங்கம் ஆரம்பிச்சவர். ஒரே ஊர்ல பல இனம் இருந்தும் சந்தைல வாங்கும்போதும் விக்கும்போதும் மட்டுந்தான் சந்திச்சுக்கறாங்கன்னு பர்மாவையும் ஜாவாவையும் பாத்து எழுதினார். இன்னிக்கு உலகம் பூரா அதை வெச்சு வாதம் பண்றாங்க, நாம அந்தச் சந்தைலயே கடை போட்டிருந்தும் அவர் பேரைக்கூட கேட்டதில்ல!

உலக இலக்கியம்ங்கற கோர்ஸ் மேல எனக்கு நம்பிக்கை கம்மி, ஒரே டெர்ம்ல கிரேக்கத்துல கிளம்பி லத்தீன் அமெரிக்கா வரைக்கும் ஓடுவாங்க, எதுலயும் நிக்க மாட்டாங்க. மொத்தத்துல தலைப்பை வெச்சு முடிவு பண்ணாத. சிலபஸை வாங்கி, வாரத்துக்கு எத்தனை பக்கம் வாசிக்கணும், எத்தனை கட்டுரை எழுதணும், அதைத் திருத்திக் குடுத்து மறுபடி எழுத வெப்பாங்களான்னு பாரு. பரீட்சை மட்டும் இருக்கறதை விட்டுடு.

தமிழ் இல்லன்னு வருத்தப்படாத. மானுடவியல்ல கடைசிக் கட்டுரைக்குத் தலைப்பு பொதுவா நீயே எடுக்கலாம். உங்க ஊர்க் கோயில் வரவு செலவு நோட்டு, 1942ல ஜப்பான்காரன் படையெடுத்து வந்தப்போ நடந்ததா பாட்டி சொல்ற கதை, இதெல்லாம் தமிழ்ல கிடக்கு, அந்த வகுப்புல உன்னைத் தவிர யாரால வாசிக்க முடியும்? ஆனா இப்ப இருக்கற நிலைமைல யார் பேரையும் போடாத, போன்ல ரெக்கார்ட் பண்ணா கேட்டுட்டுப் பண்ணு.

கரண்ட் இருக்கும்போதே வாசிக்க வேண்டியதை இறக்கி வெச்சுக்க. தத்துவம் அடுத்த டெர்ம் எடுக்கலாம், இப்ப ஸ்டாட்டிஸ்டிக்ஸ், வரலாறு, அரசியல் சிந்தனை, மானுடவியல்னு நாலு போதும். வரலாற்று சிலபஸ் வந்தா எனக்கும் ஒரு காப்பி அனுப்பு, நானும் வாசிக்கறேன்.