இயற்கை வேளாண்மையில் முறையான ஆராய்ச்சி நடக்கிறதா, எல்லாம் அனுபவக் கதைகள்தானா?

நடக்கிறது. ஆனால் தேவையான அளவுக்கு நடக்கவில்லை, நடப்பதிலும் பெரும்பகுதி பாதியிலேயே நின்றுவிடுகிறது.

கேட்டவர் வேளாண் மாணவர் போலிருக்கிறது. "பஞ்சகவ்யம் தெளித்தேன், நன்றாக விளைந்தது என்கிறார்கள், இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா?" என்று கேள்வியோடு சேர்த்திருக்கிறார். பஞ்சகவ்யம் என்பது சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைக்கும் கரைசல். நான் ஆய்வாளன் அல்லன். டெல்டாவில் ரசாயனம் இல்லாமல் நெல் சாகுபடி செய்கிறவன். கிடைக்கிற ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற பழக்கமும் உண்டு. அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு சுவிட்சர்லாந்தில் நடப்பது. பாசல் நகருக்கு அருகே தெர்வில் என்ற ஊரில் 1978-இல் தொடங்கினார்கள். டிஓகே ஆய்வு என்பது அதன் பெயர். ஒரே வயல், ஒரே ஏழாண்டுப் பயிர்ச் சுழற்சி, ஒரே மாதிரி உழவு. எருவும் பயிர்ப் பாதுகாப்பும் மட்டும் திடலுக்குத் திடல் மாறும். சில திடல்களில் இயற்கை முறை, சிலவற்றில் எருவோடு ரசாயன உரம், சிலவற்றில் ரசாயன உரம் மட்டும், சிலவற்றில் எதுவுமே இடுவதில்லை. முதல் 21 ஆண்டுகளின் முடிவுகள் 2002-இல் சயன்ஸ் இதழில் வெளியாயின. இயற்கைத் திடல்களில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவு. பூச்சிமருந்து 97 சதவீதம் குறைவு.

இதில் பாதியை ஒரு கட்சியும் மீதியை இன்னொரு கட்சியும் மேடையில் சொல்லும். இரண்டு கட்சிகளுமே சொல்லாத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த 20 என்பது எல்லாப் பயிருக்கும் பொதுவான எண் அன்று. கோதுமையில் மூன்றாவது சுழற்சிக் காலத்தில் இயற்கைத் திடல்கள் ரசாயனத் திடல்களின் விளைச்சலில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டன. உருளைக்கிழங்கில் 58 முதல் 66 சதவீதம்தான் கிடைத்தது. சாம்பல்சத்து (பொட்டாசியம்) பற்றாக்குறையும் பின்பருவக் கருகல் நோயும்தான் முக்கியக் காரணங்கள் என்று கண்டறிந்தார்கள். ஆராய்ச்சி என்றால் இதுதான். "இயற்கை வேளாண்மை நல்லதா, கெட்டதா" என்ற பட்டிமன்றத்தை விட்டுவிட்டு, எந்தப் பயிரில், எந்தச் சத்து, எந்த நோய் இடிக்கிறது என்று காட்டியது. அடுத்து எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அங்கிருந்துதான் தெரியும்.

நம் ஊரில் இப்படி எதுவும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கோயம்புத்தூரில் நிரந்தர உரச் சோதனைத் திடல் 1909-லேயே தொடங்கப்பட்டது. இயற்கை வேளாண்மைக்காக வைத்ததல்ல. ஆனால் தொழு உரம் இட்ட திடலும் ரசாயன உரம் இட்ட திடலும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அங்கு விளைந்த தானியத்தை வைத்துக் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசனும், கோவையில் வேளாண் வேதியியலாளர் விஸ்வநாத்தும் 1920-களில் சேர்ந்து ஆராய்ந்தார்கள். உரத்துக்கும் தானியத்தின் ஊட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்பது அவர்கள் கேள்வி. எரு இட்ட தானியத்துக்குச் சாதகமாக வந்த அந்த முடிவைத்தான் பின்னாளில் இங்கிலாந்தில் இயற்கை வேளாண் இயக்கத்தைத் தொடங்கியவர்கள் மேற்கோள் காட்டினார்கள். அதே காலத்தில் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் மட்கு உரம் தயாரிக்கும் முறையை வகுத்துக்கொண்டிருந்தார். சிறு சிறு பாத்தி கட்டிப் புள்ளிவிவரம் எடுக்கும் ஆய்வுகளை அவர் கடுமையாகச் சாடியவர். பண்ணை முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. ஆனால் "பண்ணை முழுவதும்" என்று தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது. அந்தச் சிக்கல் இன்றுவரை தீரவில்லை.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2004-05-இல் இயற்கை வேளாண்மைக்கென ஒரு கூட்டாய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. உத்தரப்பிரதேசத்தின் மோதிபுரத்திலிருந்து ஒருங்கிணைக்கிறார்கள்; கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதில் ஒரு மையம். இது பாராட்ட வேண்டிய முயற்சி. எனக்குக் கோபம் வருவது இத்தகைய நெடுங்காலத் திட்டங்களின் மேல் அல்ல, இரண்டு மூன்று பருவங்களில் முடிந்துவிடும் ஆய்வுகளின் மேல்தான். முதுகலைப் பட்டத்துக்கு அவ்வளவுதான் அவகாசம், நிதியும் அவ்வளவுக்குத்தான் வரும் என்பது புரிகிறது. ஆனால் ரசாயனத்தை நிறுத்திய நிலத்துக்குச் சான்றிதழ் விதிகளே ஆண்டுப் பயிர்களில் இரண்டு ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களில் மூன்று ஆண்டு மாற்றக் காலம் கொடுக்கின்றன. அந்தக் காலத்துக்குள் அளந்தால் மாறிக்கொண்டிருக்கும் மண்ணைத்தான் அளக்கிறோம். அதை வைத்துக்கொண்டு இயற்கை வேளாண்மை தோற்றது என்றோ வென்றது என்றோ எப்படி எழுதுகிறார்களோ!

இப்போது பஞ்சகவ்யம். இதைத் தமிழ்நாட்டு வயல்களில் பரப்பியதில் கொடுமுடி மருத்துவர் நடராஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. வழக்கமான பரிந்துரை 3 சதவீதக் கரைசல். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் அதில் பஞ்சகவ்யம் 6 லிட்டர். அந்த 6 லிட்டரில் தழைச்சத்து (நைட்ரஜன்) 100 கிராமைத் தாண்டாது. மத்தியகால, நீண்டகால நெல்லுக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் தழைச்சத்து எக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ. ஆகவே பஞ்சகவ்யம் "உரமாக" வேலை செய்கிறது என்ற பேச்சு கணக்கில் நிற்காது. வேலை செய்தால் அது நுண்ணுயிர்கள் வழியாகவோ வளர்ச்சி ஊக்கிகள் வழியாகவோதான் இருக்க வேண்டும். அப்படியானால் எந்த வெப்பத்தில், எத்தனை நாள் வைத்திருந்த கரைசலில் அவை உயிரோடு இருக்கின்றன என்பதுதான் கேள்வி. வீட்டுக்கு வீடு கரைசல் மாறுகிறது. ஓர் ஆய்வின் முடிவு மற்றதோடு ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் நமக்கு எதுவும் செய்யவில்லை என்று கூட்டங்களில் பேசுகிற நண்பர்களே விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நோய் தடுக்கும் பாக்டீரியாவைக் கலக்கிறார்கள், நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் என்ற தழைச்சத்து தரும் பாக்டீரியாக் கரைசலில் நனைக்கிறார்கள், 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கிறார்கள். இவற்றின் அளவுகளெல்லாம் ஆய்வகத்திலும் ஆய்வுத் திடலிலும் சோதித்து வந்தவைதான்.

ஆராய்ச்சிக்கு வரவேண்டிய பணம் முதலில் எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்டால் விதைக்கு என்பேன். 1966-இல் ஐஆர் 8 என்ற குட்டை நெல் வந்த பிறகு வெளியான குட்டை ரகங்கள் பெரும்பாலும் நிறைய தழைச்சத்து கொடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றை எருவில் நட்டு விளைச்சல் குறைந்தது என்கிறோம். பாரம்பரிய ரகங்களோ உயரமாக வளர்ந்து, சத்து கொஞ்சம் கூடினாலே சாய்ந்துவிடுகின்றன. எருவிலும் பசுந்தாளிலும் மட்டும் வளர்த்து, களையோடு போட்டியிட்டு முந்துகிற, சாயாத நெல்லைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கும் வேலை நம்மிடம் மிகக் குறைவாகவே நடக்கிறது. எந்த உரக் கம்பெனியும் இதற்குப் பணம் தராது. பசுந்தாள் செடியான தக்கைப்பூண்டை மடக்கி உழுவதில் யாருக்கும் விற்பனை இல்லை. அரசுதான் செய்ய வேண்டும். ஆனால் ஆராய்ச்சியை முந்திக்கொண்டு அரசாணை ஓடினால் என்ன ஆகும் என்பதை இலங்கை 2021-இல் பார்த்தது. மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை, நவம்பரில் பின்வாங்கல். இடையில் அடிபட்டவர்கள் விவசாயிகள்.

நீங்கள் மாணவர் என்பதால் ஒரு யோசனை. உள்ளூர் விவசாயி ஒருவரின் வயலிலேயே ஆய்வை வையுங்கள். ஒரே வயலில் எட்டுப் பட்டைகள். எதில் தெளிப்பது, எதில் விடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் வாய்க்கால் ஓரத்துக் கொழுத்த மண் பஞ்சகவ்யத்தின் கணக்கில் ஏறிவிடும். தெளிக்காத பட்டையிலும் அதே அளவு வெறும் தண்ணீரைத் தெளியுங்கள். அறுவடையின்போது வரப்போரத்தை விட்டு உள்ளே அறுத்து, ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாக அடித்துத் தூற்றி, ஈரப்பதத்தைப் பார்த்து எடை போடுங்கள். முக்கியமாக, வித்தியாசம் இல்லை என்று வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். வழிகாட்டி முகம் சுளிக்கக்கூடும். பரவாயில்லை, அப்படிப்பட்ட கட்டுரை ஒன்றாவது படிக்கக் கிடைத்தால் எனக்குத் தெளிப்புக் கூலியாவது மிச்சமாகும்.