இரண்டு டாக்டர் ஊசி போட்டும் மடி வீக்கம் வடியவில்லையே?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் தோட்டம். கன்று ஈன்று 20 நாளான ஜெர்சி கலப்புப் பசுவுக்கு ஒரு காம்பில் மடிநோய். இங்குள்ள டாக்டர் கிருமிக்குப் பென்சிலினும், வலி வீக்கத்துக்கு மெலாக்சிகாமும் போட்டார். மறுநாளும் பால் திரிதிரியாகவே வந்ததால், பொள்ளாச்சியிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அவர் கிருமிக்கு ஆக்சிடெட்ராசைக்ளினும், வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோனும் போட்டார். இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் கேட்கும் என்று நினைத்தேன். வீக்கம் அப்படியே இருக்கிறது, தீவனமும் குறைந்துவிட்டது.

பதில்: முந்தைய நாள் போட்ட ஊசியைப் பற்றி இரண்டாவது டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி யோசித்திருப்பார். எல்லையில் இருக்கும் நம் ஊர்களில் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து டாக்டர் வருவதால் இது அடிக்கடி நடக்கிறது. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான்.

பென்சிலின் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கிருமி வளர்ந்து இரண்டாகப் பிரியும்போது தன்னைச் சுற்றிப் புதுச் சுவர் எழுப்பும். அந்தச் சுவரைச் சரியாகக் கட்டவிடாமல் பென்சிலின் கெடுக்க, கிருமி வெடித்துச் சாகிறது. ஆக்சிடெட்ராசைக்ளின் கிருமியைக் கொல்வதில்லை. அது புரதம் செய்வதைத் தடுத்து வளர்ச்சியை நிறுத்தி வைக்கும். வளராத கிருமி சுவர் கட்டாது. சுவர் வேலையே நடக்காத இடத்தில் பென்சிலின் எதைக் கெடுக்கும்? மூளைக்காய்ச்சல் வந்த மனிதர்களிடம் 1951-லேயே இதைக் கண்டார்கள். பென்சிலின் மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு டெட்ராசைக்ளின் வகை மருந்தும் பெற்றவர்களே அதிகம் இறந்தார்கள். உங்கள் பசுவுக்கு வீக்கம் வடியாததற்கு இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கிருமிக்கு அந்த மருந்துகளே கேட்காமலும் இருக்கலாம்.

வலி, வீக்க ஊசிகளின் கதை நேர் எதிர். மெலாக்சிகாமும் டெக்சாமெத்தசோனும் வேறு வேறு படியில் தடுத்தாலும், குறைப்பது ஒரே பொருளைத்தான். வீக்கத்தை உண்டாக்கும் அந்தப் பொருள்தான் இரைப்பையின் உள்தோலையும் சிறுநீரகத்தையும் காக்கிறது. இரண்டும் சேர்ந்தால் புண் வரும் ஆபத்து கூடும். டெக்சா நோய் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஒரே டாக்டரிடம் போங்கள். காலி பாட்டில்களையும், எந்த ஊசி எப்போது போட்டது என்று எழுதிய சீட்டையும் காட்டுங்கள். அடுத்த மருந்துக்கு முன் பால் மாதிரி எடுத்து, எந்த மருந்து கேட்கும் என்று சோதிக்கச் சொல்லுங்கள். நோயுள்ள காம்பை அடிக்கடி கறந்து காலி செய்யுங்கள். 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு அரைத்து மடிமேல் பூசுவது உண்டே, அதைத் தாராளமாகச் செய்யலாம். அது வெளிப்பூச்சுதான், ஊசி மருந்தோடு மோதாது.

அப்புறம், எந்தக் காம்பில் கறந்தாலும் அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், கன்றுக்கும் கொடுக்காதீர்கள். போட்ட மருந்துகளில் எதன் லேபிளில் பாலைப் பயன்படுத்தக் கூடாத நாள் அதிகமாகப் போட்டிருக்கிறதோ, அதைக் கடைசி ஊசியிலிருந்து எண்ணுங்கள். இதற்கிடையில் சாணம் தார் போலக் கறுத்து வந்தாலோ, பசு தண்ணீர் குடிக்காமல் படுத்துவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.