கறுப்பு காரும் காலை நேர ஈரத் துணியும்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் கறுப்பு நிறத்தில் புதிய கார் வாங்கினோம். எங்கள் குடியிருப்பில் கார் துடைக்க வருபவர் நாள்தோறும் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டு துடைத்துவிடுகிறார். சென்ற வாரம் இரவில் பெட்ரோல் பங்க் விளக்கின்கீழ் நின்றபோது, பானெட் முழுவதும் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தன. செராமிக் கோட்டிங் போட்டால் மறைந்துவிடும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். தெரிந்த பெயிண்டர் ஒருவர் ரப்பிங் பாலிஷ் போடச் சொல்கிறார். எதைச் செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். முதலில் அந்தக் காலை நேரத் துடைப்பை நிறுத்துங்கள். கீறல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. அது தொடரும்வரை எந்தப் பாலிஷும் சில வாரங்களுக்கு மேல் நிற்காது.

இரவு முழுவதும் காரின்மேல் படியும் தூசியில் நுண்ணிய மணல் கலந்திருக்கிறது. ஒரே வாளியில் மீண்டும் மீண்டும் நனைத்த துணியால் அதைத் தேய்க்கும்போது, மணல் துணியில் சிக்கிக்கொண்டு மென்மையான உப்புத்தாள்போல வேலை செய்கிறது. கீறல்கள் வட்டமாகத் தெரிவது ஒரு கண்மயக்கு. உண்மையில் அவை எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. விளக்கொளியை நம் கண்ணை நோக்கித் திருப்பும் கோணத்தில் அமைந்தவை மட்டும் மின்னுவதால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டமாகக் கோத்ததுபோல் தோன்றுகின்றன. வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல்கள் இருக்கும். அங்கே வெளிச்சத்தோடு வெளிச்சமாக அவை கரைந்துவிடுகின்றன. கறுப்பில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

இனி பெயிண்டர் சொன்ன ரப்பிங்கைப் பார்ப்போம். இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின்மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசியிருக்கிறார்கள். இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் வரும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால், நீங்கள் காப்பாற்ற வேண்டிய படலம் எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும். பாலிஷ் என்பது எதையும் பூசுவதன்று. கீறலின் அடிமட்டத்தை நோக்கிச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சுரண்டிச் சமன்செய்வது. நிதானமாகச் செய்யும் மெல்லிய பாலிஷ் ஓரிரு மைக்ரானை எடுக்கும். காம்பவுண்ட் எனப்படும் கரடுமுரடான தேய்ப்புப் பசையும் வேகமான மெஷினும் சேர்ந்தால் அதைவிடப் பல மடங்கு போகும். வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கி நிறத்தைக் காப்பதும் இந்தக் கிளியர் கோட்தான் என்பதால், அது மிகவும் மெலிந்துபோன கார்களில் சில ஆண்டுகளிலேயே கூரையும் பானெட்டும் வெளுத்துச் செதில் செதிலாக உரியத் தொடங்குகின்றன.

நான் முதன்முதலில் வாங்கிய கறுப்பு காரில் இந்தப் பாடத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். நன்றாகப் பளபளக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு பட்டறையில் ரப்பிங் போட்டேன். அன்று மாலை கண்ணாடியாக மின்னிய கார், மறுநாள் வெயிலில் பார்த்தபோது மெஷின் போன தடமெல்லாம் நிழல் நிழலாகத் தெரிந்தது. பானெட்டின் விளிம்பு ஒன்றில் கிளியர் கோட் முழுவதுமே தேய்ந்து, நிறப்பூச்சு வெளியே வந்துவிட்டது. அந்த விளிம்பை மீண்டும் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஆகவே உங்கள் காருக்கு என் யோசனை இது. துடைக்க வருபவரின் வருமானத்தைக் குறைக்காமல், நாள்தோறும் துடைப்பதற்குப் பதிலாக வாரம் ஒரு முறை முறையாகக் கழுவித் தரும்படி கேளுங்கள். துணிகளையும் ஷாம்பூவையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். முதலில் துணியே படாமல் தண்ணீரைப் பீய்ச்சி, தளர்ந்த தூசியும் மணலும் வழிந்து போகும்படி செய்ய வேண்டும். பிறகு ஒரு வாளியில் காருக்கென்றே விற்கும் ஷாம்பூ கரைத்த நீரும், இன்னொரு வாளியில் வெறும் நீரும் வைத்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், மீண்டும் ஷாம்பூவில் முக்குவதற்கு முன் வெறும் நீரில் நன்றாக அலசிவிட வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். சேறு அதிகம் படியும் பம்பரையும் கதவுகளின் அடிப்பகுதியையும் கடைசியில், வேறொரு துணியால் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். அது எண்ணெய்ப் பிசுக்கோடு காரின்மேல் இருக்கும் வாக்ஸ் என்னும் மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். துவட்டும்போது தேய்க்காமல், பெரிய மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு நீரை உறிஞ்ச விடுங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் துணி இன்ஜின் எண்ணெய் துடைக்க நல்லது. கறுப்பு பெயிண்டின் பக்கமே அது வரக் கூடாது, ஏனென்றால் அதன் தையல் முடிச்சுகளே கீறிவிடும். தூசி தட்டும் குஞ்ச டஸ்டரும் அப்படித்தான்.

ஒரு மாதம் இப்படிக் கழுவிய பிறகும் கீறல்கள் மனத்தை உறுத்தினால், அப்போது ஒரு முறை பாலிஷ் செய்துகொள்ளலாம். டூயல் ஆக்‌ஷன் என்று சொல்லப்படும், சுழன்றுகொண்டே அசையும் மெஷினை வைத்திருக்கும் கடையாகத் தேர்ந்தெடுங்கள். அது ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்காது. பெயிண்டின் கனத்தை அளக்கும் மீட்டரால் முதலில் அளந்து காட்டச் சொல்லுங்கள். பானெட்டின் ஒரு மூலையில் மட்டும் மிக மெல்லிய பாலிஷால் செய்துபார்த்து, அது போதுமானால் அதற்கு மேல் போகக் கூடாது என்று முன்பே பேசிவிடுங்கள். நகத்தால் வருடும்போது தட்டுப்படும் கீறலை விட்டுவிடுங்கள். அதைப் போக்கும் முயற்சியில் கிளியர் கோட்டே போய்விடும். வேலை முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் ஓரிடத்தைத் துடைத்து வெயிலில் பாருங்கள். சில பாலிஷ்களில் உள்ள எண்ணெய்ப் பசை கீறல்களை நிரப்பி மறைத்திருந்தால், துடைத்தவுடன் அவை திரும்பத் தெரியும்.

ஷோரூம் சொல்லும் செராமிக் கோட்டிங், பெயிண்டின்மேல் பூசும் கண்ணாடிபோல நிறமற்ற மெல்லிய பூச்சு. கீறல்களின்மேல் அதைப் பூசினால், கீறல்களையே பத்திரமாக மூடி வைத்ததாகும்.

கேள்வி: வாக்ஸ், டெஃப்ளான், செராமிக், பி.பி.எஃப். என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். புதிய கறுப்பு காருக்கு எது நல்லது? நான் வாரந்தோறும் கோவையிலிருந்து நெடுஞ்சாலையில் பயணிப்பவன்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாங்கள் நெடுஞ்சாலையில் அதிகம் செல்வதால், முன்னால் போகும் லாரிகளின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கற்களே தங்கள் காருக்கு முதல் எதிரி. கல்லைத் தாங்கக்கூடியது இந்த நான்கில் பி.பி.எஃப். ஒன்றுதான். அது பெயிண்டின்மேல் ஒட்டப்படும் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் படலம். பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் கனம் இருப்பதால், காரின் மொத்தப் பெயிண்டைவிடவும் தடிமனானது. தரமானவற்றில் ஏற்படும் மெல்லிய கீறல்கள் வெயிலின் சூட்டிலேயே தாமாக மறைந்துவிடுகின்றன. முழுக் காருக்கும் ஒட்ட ஆகும் செலவு பெரிது என்பதால், முன் பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, நகம் பட்டுக் கீறும் கதவுக் கைப்பிடிக் குழிகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. ஒட்டுபவர் காரின்மேலேயே பிளேடால் படலத்தை வெட்டாமல், முன்பே அளவாக வெட்டியதை ஒட்டுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளேடு ஆழமாக இறங்கினால் பெயிண்ட் வெட்டுப்படும்.

செராமிக் கோட்டிங்கின் கனம் ஓரிரு மைக்ரான்தான். தண்ணீரையும் சேற்றையும் ஒட்டவிடாமல் வழியச் செய்து, கழுவும் வேலையை எளிதாக்குவதும், கறுப்பின் ஆழத்தைக் கூட்டிக் காட்டுவதும் அதன் உண்மையான நன்மைகள். விளம்பரங்களில் வரும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையில் ஒரு படிநிலை. வைரத்துக்குக் கடினத்தன்மை 10 என்று சொல்கிறோமே, அந்த அளவுகோலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சாலை மணல் இந்தக் கோட்டிங்கையும் கீறும். ஐந்தாண்டு உத்தரவாதம் என்று சொன்னால், இடையில் எத்தனை முறை கட்டணச் சோதனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிப் படியுங்கள்.

டெஃப்ளான் கோட்டிங்குக்குப் பணம் கொடுக்க வேண்டாம். டெஃப்ளான் என்னும் பொருள் உருகுவதே 327 டிகிரி செல்சியஸில்; தோசைக்கல்லின்மேல் அதை ஒட்ட வைக்கும் அந்தச் சூட்டைக் காரின் பெயிண்ட் தாங்காது. காரில் அந்தப் பெயரில் பூசப்படுவது பெரும்பாலும் சாதாரண பாலிஷின் வேலையையே செய்கிறது. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னௌபா வாக்ஸ், கறுப்புக்குத் தரும் ஈரப் பளபளப்பு மிக அழகானது. ஆனால் நம் வெயிலில் ஓரிரு மாதங்களில் போய்விடும். நிழலில் கார் நிறுத்துபவர்களுக்கு, வாக்ஸுக்குப் பதிலாக ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பூசிக்கொள்ளும் சீலன்ட் என்னும் செயற்கைப் பூச்சே போதும். அதை வீட்டிலேயே செய்யலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் போர் தண்ணீர்தான். கழுவிய பிறகு கறுப்பு காரில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் நின்றுவிடுகின்றன. ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரில் கழுவலாமா?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: கூடவே கூடாது. ஆர்.ஓ. கருவி குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்புகள் எல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் சேர்ந்திருக்கின்றன. போர் தண்ணீரைவிட அது மோசமானது. தண்ணீர் ஆவியானதும் அதிலிருந்த கால்சியம், மெக்னீசிய உப்புகள் பெயிண்டில் தங்குவதையே நீங்கள் புள்ளிகளாகப் பார்க்கிறீர்கள்.

போர் தண்ணீரிலேயே கழுவலாம். ஆனால் வெயில் ஏறுவதற்கு முன், பானெட் குளிர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு பகுதியாகக் கழுவி, உலர விடாமல் உடனே துவட்டிவிட வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல நீர் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மாடியில் சேமித்த மழைநீரும், ஏ.சி.யிலிருந்து சொட்டுவதைப் பிடித்து வைத்துத் துணியில் வடிகட்டிய நீரும் இதற்கு மிகவும் ஏற்றவை, ஏனெனில் அவற்றில் உப்பு ஏறக்குறைய இல்லை.

ஏற்கெனவே உள்ள புள்ளிகளுக்கு, சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரில் துணியை நனைத்து, நிழலில், ஒரு நிமிடம்போல் மேலே போட்டு வைத்து, பிறகு நிறைய நீர் விட்டு அலசுங்கள். அதற்கும் போகாதவை கிளியர் கோட்டை அரித்துப் பள்ளமாக்கிவிட்டவை. அவற்றுக்கு மெல்லிய பாலிஷ்தான் வழி.

கேள்வி: வீட்டில் இடமில்லாததால் தெருவில் புங்க மரத்தடியில் நிறுத்துகிறோம். பறவை எச்சமும் பிசினும் விழுகின்றன. கார் கவர் போட்டால் போதுமா?
– வாசகி, வேலூர்

பதில்: தூசி படிந்த காரின்மேல் கவர் போட்டால், காற்றில் கவர் அசையும்போதெல்லாம் அந்தத் தூசியே காரைத் தேய்க்கும். கழுவிய கையோடு, கார் முழுவதும் உலர்ந்த பின் போட்டு, நான்கு பக்கமும் இறுகக் கட்ட முடியுமானால் மட்டும் பயன்படுத்துங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு நாள்கணக்கில் மூடி வைக்க வேண்டாம். பறவை எச்சம் அமிலத்தன்மை உடையது. வெயிலில் கறுப்பு தகடு கைவைக்க முடியாத அளவு சூடேறும்போது கிளியர் கோட் இளகி, எச்சம் அதில் பதிந்து, மாலையில் குளிரும்போது அந்த வடிவிலேயே தழும்பாகிவிடும். அதனால் ஒரு தண்ணீர் பாட்டிலையும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியையும் காரிலேயே வைத்துக்கொண்டு, பார்த்தவுடன் ஈரத்துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் ஊறப் போட்டு, தேய்க்காமல் வழித்து எடுங்கள். காய்ந்த எச்சத்தை நகத்தால் சுரண்டுவது நேரடியாகக் கீறுவதுதான்.

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் கறுப்பு கார் டெலிவரி. முன்கூட்டியே செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?
– வாசகர், சென்னை

பதில்: உண்டு, பலர் கேட்கத் தவறும் கேள்வி இது. டெலிவரிக்கு முதல் நாள் அவசர அவசரமாக வாட்டர் சர்வீஸ் செய்து, பழைய துணியால் துடைத்து, பாலிஷும் போட்டுத் தருவது பல இடங்களில் வழக்கமாக இருப்பதால், புதிய காரின் முதல் கீறல்கள் அங்கேயே விழுந்துவிடுகின்றன. காரைக் கழுவாமல், தூசியோடு தந்தாலும் பரவாயில்லை என்று விற்பனைப் பிரதிநிதியிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே பெற்றுக்கொள்ளுங்கள்.

கோயிலில் பூஜை போடும்போது சந்தனம், குங்குமத்தைப் பெயிண்டில் வைக்காமல் நம்பர் பிளேட்டிலோ கண்ணாடியிலோ வைக்கும்படி அர்ச்சகரிடம் வேண்டிக்கொள்ளலாம், மறுக்க மாட்டார். பானெட்டில் வைத்துவிட்டால், அன்று மாலையே நீர் விட்டு ஊறவைத்துக் கழுவிவிடுங்கள். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டி, வண்டி ஓடத் தொடங்குமுன் கழற்றிவிடுங்கள். ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டும்போதும் இதே கவனம் தேவை.

கேள்வி: சிறிய விபத்தில் முன் பம்பருக்கு மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்தோம். உடனே வாக்ஸ் போடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். தொழிற்சாலையில் பாடியின் பெயிண்ட் 130, 140 டிகிரிச் சூட்டில் சுடப்படுவதால், கார் கைக்கு வரும்போதே முழுவதும் இறுகியிருக்கும். அதற்கு வாக்ஸோ கோட்டிங்கோ உடனே போடலாம். பட்டறையில் 60 டிகிரி அளவிலோ வெறும் காற்றிலோ உலர்த்திய பெயிண்டிலிருந்து கரைப்பான் வெளியேற வாரங்கள் ஆகும். குறைந்தது ஒன்று முதல் இரண்டு மாதம் வரை வாக்ஸ், சீலன்ட், கோட்டிங் எதுவும் அந்தப் பம்பரில் படாமல் பார்த்துக்கொண்டு, தண்ணீரும் மென்மையான ஷாம்பூவும் கொண்டு மட்டும் கழுவி வாருங்கள்.