மண்டபம், பஸ் ஸ்டாண்டு, ரயில்: வெளியே போகும்போது டயப்பர் மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள்

ஈரோட்டில் ஒரு சர்ஜிக்கல் கடையில் 14 வருஷம் வேலை பார்த்தவள் நான். ஊன்றுகோல், பிபி மெஷின் எல்லாம் சத்தமாகக் கேட்கிறவர்கள் டயப்பர் என்றால் மட்டும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள், பெரியவங்களுக்கு அது இருக்குங்களா என்பார்கள், எது என்று நானும் கேட்கமாட்டேன். வீட்டில் மாமியார் படுக்கையில் இருந்த காலமும் உண்டு. கர்ப்பப்பை எடுத்த பிறகு எனக்கே தும்மினால் கசிகிறது, ஆக இந்த விஷயத்தில் எனக்கு வெட்கம் போய் வருஷங்கள் ஆகின்றன. வீட்டுக்கு வெளியே எப்படிச் சமாளிக்கிறீர்கள், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்த கேள்விகள் இவை. நான் டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெருந்துறையிலிருந்து ஒரு மருமகள்: மாமியாருக்கு 71 வயசுங்க அக்கா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலமில்லை, பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாத்தனார் பையன் கல்யாணம் வருது, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மண்டபத்தில் இருக்கணும். அங்கே எப்படி மாத்தறது?

முதலில் நாத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை அறையை ஒட்டி ஒரு பாத்ரூம் இருக்கும், பெரும்பாலும் வெஸ்டர்ன், பொதுக் கழிப்பறையைவிட இடமும் கூடுதல். இணைச்சீர்ச் சடங்கு மேடையில் நடக்கிற நேரத்தில் எல்லாரும் மேடையைச் சுற்றி நிற்பார்கள், அந்த அறையில் ஆளே இருக்காது. அதுதான் உங்கள் நேரம். மணியைப் பார்த்து மாற்றாதீர்கள், சீரைப் பார்த்து மாற்றுங்கள்.

உங்கள் மாமியாருக்கு ஸ்டிக்கர் டைப்தான் சரி. பேண்ட் டைப் என்றால் காலைத் தூக்கி நுழைக்க வேண்டும், ஒரு பக்கம் பலமில்லாதவர்களை ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நிறுத்தவே கூடாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே கொண்டுபோய் அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மாமியார் அதற்கு எதிரே நின்று பலமுள்ள கையால் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், கால் ஓய்ந்தால் அப்படியே திரும்பி உட்காரலாம். சேலையைப் பாவாடையோடு சேர்த்து இடுப்புக்கு மேல் தூக்கி, துணி காயப்போடும் கிளிப் நாலு எடுத்து ஜாக்கெட்டில் மாட்டிவிடுங்கள். இந்த கிளிப் விஷயத்தை நான் கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் ஆனது, அதுவரை சேலையைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் மாற்றினேன்.

புது டயப்பரை வீட்டிலேயே பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழு இழுத்து வையுங்கள். தொடைப் பக்கத்து எலாஸ்டிக் எழும்பி தோணி மாதிரி நிற்கும், ஓரத்தில் ஒழுகாது. பழையதை முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகத்தான் உருவ வேண்டும், துடைப்பதும் அப்படியே, இல்லாவிட்டால் மலக்கிருமி சிறுநீர்த் துவாரத்துக்குப் போகும். ஈரப்பக்கம் உள்ளே இருக்கிற மாதிரி சுருட்டி அதன் ஸ்டிக்கரையே சுற்றி ஒட்டினால் ஒரு தேங்காய் அளவுக்கு ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். எதையும் தரையில் வைக்கக் கூடாது, பை உங்கள் கழுத்தில் குறுக்காகத் தொங்க வேண்டும். நம் ஊர்ப் பொதுக் கழிப்பறைகளில் கதவுக்குப் பின்னால் கொக்கி இருந்தால் அது அதிர்ஷ்டம். ஹார்ட்வேர் கடையில் எஸ் மாதிரி வளைந்த கொக்கி கிடைக்கும், ஒன்று வாங்கிப் பையிலேயே போட்டு வையுங்கள், கதவின் மேல் விளிம்பில் மாட்டிக்கொள்ளலாம்.

திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனியில் டெய்லர்: வயசு 44. இருமினா, பண்டலைத் தூக்கினா கசியுது. எங்க லைன்ல எல்லாம் சின்னப் புள்ளைங்க, பாத்ரூம்ல ஸ்டிக்கர் கிழிக்கிற சத்தம் கேட்டாலே வெளிய வந்து சிரிக்குதுங்க.

உங்களுக்கு டயப்பர் வேண்டாம் அம்மிணி, கசிவுக்கென்றே இருக்கும் பேட் போதும். மாதவிலக்கு நாப்கின் இதற்குச் சரிவராது. அது மெதுவாக வரும் இரத்தத்துக்கானது, சிறுநீர் ஒரே நொடியில் வரும், நாப்கின் உறிஞ்சுவதற்குள் ஓரத்தில் வழிந்துவிடும். கசிவு பேடில் தண்ணீரைப் பிடித்து ஜெல்லியாக்கும் பொடி அதிகம்.

சத்தத்துக்கு வழி ரொம்பச் சுலபம். மேலுறையை வீட்டிலேயே கிழித்து, அன்றைக்கு வேண்டிய பேடுகளைத் தனித்தனியாகத் துணியில் மடித்து எடுத்துப் போங்கள். பழையதை உரிக்கும் முன் குழாயைத் திறந்து விடுங்கள், வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தில் எதுவும் கேட்காது. துடைக்க நீங்கள் காசு கொடுத்து வைப்ஸ் வாங்க வேண்டியதே இல்லை, உங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட் துணிக்கா பஞ்சம்? நல்ல காட்டன் துண்டுகளாகப் பார்த்துத் துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் கழிப்பறையில் நாப்கின் எரிக்கும் மெஷின் இருந்தால் அதில் இதைப் போடாதீர்கள். ஈரம் ஊறிய பேட் சரியாக எரியாது, மெஷின் புகைய ஆரம்பித்தால் யார் போட்டது என்று ஊரே கூடிவிடும். பேப்பரில் சுற்றித் தொட்டியில் போடுங்கள்.

இன்னொன்று, இருமும்போது கசிவது தசை தளர்ந்ததால் வருவது, பயிற்சியில் நிறையப் பேருக்குக் குறைகிறது. ஒண்ணுக்கு அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விடுங்கள். ஒரு தடவைக்கு 8, நாளைக்கு மூன்று தடவை. மெஷினில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும், பதினைந்து நாளில் விட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள், அது நல்லதில்லை.

ஒரு கல்லூரிப் பெண், கோவை: அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது பக்கத்தில் உட்கார்பவர்களுக்கு வாசம் வருமா?

புதுச் சிறுநீருக்கு வாசம் குறைவு கண்ணு. நேரம் ஆக ஆகக் கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றுவதுதான் நாற்றம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மலம் போயிருந்தால் உடனே மாற்றினால் வராது. சென்ட் அடிக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

கோபியிலிருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியர்: புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். கசிவு இன்னும் நிற்கவில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது 22 வருஷப் பழக்கம், இந்த வருஷம் விட மனமில்லை.

நடக்கலாமா என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லட்டும் சார். அவர் சரி என்றால் மற்றது நம் கையில். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கசிவு பல மாதங்கள் இருந்து மெல்லக் குறைவது சகஜம்தான்.

உங்களுக்குப் பெரிய வசதி வேட்டி. பேண்ட் போட்டவர்கள் செருப்பைக் கழற்றி, பேண்ட்டைக் கழற்றி, அதைத் தரையில் படாமல் பிடித்து என்று ஒரு சர்க்கஸே செய்ய வேண்டும். வேட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நில்லுங்கள். டயப்பரின் பின்பாதி உங்கள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி நிற்கும், முன்பாதியைக் கால்களுக்கு இடையே கொண்டுவந்து கீழ் ஸ்டிக்கரை முதலில், சற்று மேல்நோக்கி ஒட்டுங்கள், அப்புறம் மேல் ஸ்டிக்கர். ஒரே ஆளாக ஒரு நிமிஷ வேலை, வீட்டில் நாலு தடவை பழகிக்கொள்ளுங்கள். சுவர் ஈரமாக இருந்தால் மட்டும் இடையில் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே இறுக்கமான காட்டன் ட்ராயர் ஒன்று போட்டால் நடக்கும்போது கீழே இறங்காது, சரசர சத்தமும் கேட்காது. பிளாஸ்டிக் மாதிரி பளபளக்கும் வெளிப்புறம் உள்ளதை வாங்காதீர்கள், துணி மாதிரி இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

நடையில் உங்களுக்கு எதிரி கசிவு இல்லை, தொடை உரசல். புறப்படும் முன்னும் ஒவ்வொரு மாற்றலின்போதும் துத்தநாகம் கலந்த கிரீம், மெடிக்கலில் ஜிங்க் ஆக்ஸைடு என்று கேளுங்கள், மெல்லிசாகத் தடவுங்கள். அப்பிக்கொண்டால் கிரீம் டயப்பரில் ஒட்டி அதன் உறிஞ்சும் சக்தியைக் கெடுக்கும். பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டி கட்டியாகி அதுவே அறுக்கும். டெட்டால் தண்ணீரில் கழுவுவதும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

குப்பை விஷயம். ஆண்கள் கழிப்பறைக்குள் தொட்டி வைக்க வேண்டும் என்று நம் ஊரில் யாருக்கும் தோன்றவே இல்லை. எங்கே போட என்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் சொருகிவிட்டு வருகிற ஆண்களை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் நாளைக் காலையில் அதை ஒருவர் கையால் எடுக்கிறார் சார். திரும்ப எடுத்து வருவதற்கென்றே ஒரு ஜிப் போட்ட பை வைத்துக்கொண்டு, வெளியே தொட்டி கண்ணில் படும்வரை அதிலேயே இருக்கட்டும். 2016 திடக்கழிவு விதிகளிலேயே இந்த மாதிரிப் பொருட்களை நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று இருந்தது, தயாரிப்பவர்கள் அதற்கு உறை தர வேண்டும் என்றும் இருந்தது. உறை கிடைக்காவிட்டால் செய்தித்தாள், அதன்மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம். புனேயில் குப்பை பிரிப்பவர்களுக்காக ஆரம்பித்த பழக்கம் இது, வட்டத்தைப் பார்த்தால் பிரிக்காமல் ஒதுக்கிவிடுவார்கள்.

சத்தியமங்கலத்திலிருந்து: மாதம் ஒரு தடவை பஸ்ஸில் மைசூர் போகிறேன். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு, நடுவில் எங்கேயும் இறங்க முடியாது. முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறேன். சரிதானே?

சரியே இல்லை. கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தப்பைத்தான் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பெருமையாகச் சொன்னார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, சிறுநீர்ப்பையை எரிச்சல்படுத்தி, அவசரம் இன்னும் கூடும். மலச்சிக்கல் வரும், அதுவும் பையை அழுத்தும். போதாததற்குக் கிருமித் தொற்று. குறைக்க வேண்டியது பயணத்துக்கு முன் குடிக்கிற டீ, காபியை. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள், பண்ணாரியில் அவசரம் இல்லாவிட்டாலும் போய்விட்டு வாருங்கள், மலை ஏறும் முன் புது பேட் வையுங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அப்படியென்றால் பயண நாளில் அதை எப்போது போடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: அம்மாவைச் சென்னைக்கு ரயிலில் கூட்டிப் போக வேண்டும்.

ஆடுகிற ரயிலில் பேண்ட் டைப்பைக் காலில் நுழைக்க முயன்றால் விழுந்துவிடுவார்கள். பழையதை இரண்டு பக்கமும் கிழித்து எடுத்துவிட்டு, கமோடில் உட்கார வைத்துப் புதியதை முழங்கால் வரை ஏற்றிவிட்டு, அப்புறம் எழுப்புங்கள். வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும் நேரம் குலுக்கல் அதிகம், அப்போது வேண்டாம். டாய்லெட்டுக்குள் எதையும் போட்டுவிடாதீர்கள். இப்போது எல்லாம் பயோ டாய்லெட், உள்ளே விழுந்தது தண்ணீரைக் குடித்து உப்பிக் குழாயை அடைத்துவிடும். கை கழுவும் இடத்துக்குக் கீழே தொட்டி இருக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு மகன்: அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். நனைந்த வேட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்.

டயப்பர் என்ற வார்த்தையை அவர் முன்னால் சொல்வதை நிறுத்துங்கள், அது பேரனுக்குப் போடுவது. பேண்ட் டைப்பை பாக்கெட்டிலிருந்து எடுத்து, அவர் ட்ராயர் அடுக்கியிருக்கிற இடத்திலேயே அடுக்குங்கள், “பஸ்ஸுக்குப் போறப்ப இந்த ட்ராயரைப் போட்டுக்கங்கப்பா” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அம்மாவும் மருமகளும் நிற்கும்போது சொல்லாதீர்கள். கசிவு திடீரென்று ஆரம்பித்ததா, இரத்தம், எரிச்சல், காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் யூராலஜிஸ்ட்டிடம் போக வேண்டும். கூடவே கால் மரத்துப்போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

27 வயது, சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பி: மாற்றுத்திறனாளி கழிப்பறை என்று போர்டு இருக்கும், பூட்டித்தான் இருக்கும் அக்கா.

உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும் இருக்கும், நானும் பார்த்திருக்கிறேன். கிளம்பும் முன்பே போன் செய்து சாவி யாரிடம் என்று கேட்டுவிடுங்கள், போனதும் தேடினால் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். காண்டம் கதீட்டரும் (ஆணுறை மாதிரி மாட்டி, குழாய் வழியாகச் சிறுநீரைப் பைக்கு அனுப்புவது) காலில் கட்டும் பையும் உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரைக் கேட்டீர்களா? பை அரைவாசிக்கு மேல் நிறைந்தவுடன் காலி செய்தால் போதும், உடை மாற்றும் பாடே இல்லை. கதீட்டரை ஒட்டும் ஸ்டிக்கரை மட்டும் சுற்றி இறுக்கி ஒட்டக் கூடாது, உணர்ச்சி இல்லாத இடத்தில் இரத்த ஓட்டம் நின்றால் தெரியாது.

காங்கேயத்திலிருந்து: இதையெல்லாம் எந்தப் பையில் எடுத்துப் போவது? மெடிக்கல் கருப்பு கவரைப் பார்த்தாலே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறதே.

கருப்பு கவர் மாதிரிக் காட்டிக்கொடுப்பது வேறு எதுவும் இல்லை. கல்யாண வீட்டு மஞ்சப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மணமக்கள் பேர் அச்சடித்த பையை நம் பக்கத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, உள்ளே தேங்காய் வெற்றிலை என்றே நினைப்பார்கள். கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் வேண்டாம். சிவகிரியில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குப் போகும்போது என் பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனேன், திரும்பி வந்து எடுத்தால் உள்ளே தேங்காய், இரண்டு வெற்றிலை, ஒரு சாத்துக்குடி. என் இரண்டு பேடும் கிளிப்பும் எஸ் கொக்கியும் எந்த ஊர் பஸ் ஏறிப் போயிற்றோ தெரியாது. அன்றிலிருந்து பையின் காதில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைக்கிறேன்.