பக்கத்தில் இருக்கும் அரசு

அன்புள்ள அக்கா,

மத்திய அரசுக்குக் கொடுக்கப்படாத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் பத்தாவது திருத்தம். நம் தென்னாப்பிரிக்காவிலும் அதிகாரத்தை மத்திய அரசு இருக்கும் பிரிட்டோரியாவிடமிருந்து பிடுங்கி மாகாணங்களுக்குக் கொடுத்தால் தனிமனித சுதந்திரம் பெருகும் அல்லவா? வரி கட்டி ஓட்டுப் போட்டால் என் குடிமைக் கடமை தீர்ந்ததா? நாட்டைவிட்டே கிளம்பிவிடலாமா என்றும் தோன்றுகிறது.

– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

அன்புள்ள தம்பி,

கிளம்புவதைப் பற்றி உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

அதிகாரம் வீட்டுப் பக்கம் வந்தால் சுதந்திரமும் கூடவே வரும் என்று யார் சொன்னது? வேறு ஊர்க்காரர் கேட்டால் பொறுத்துக்கொள்வேன். நேட்டாலில் பிறந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

1893இல், அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த நம் நேட்டாலுக்குப் பொறுப்பாட்சி, அதாவது உள்ளூர் விவகாரத்தைத் தானே ஆளும் உரிமை, கிடைத்தது. லண்டன் பாதி ஒதுங்கிக்கொள்ள, உள்ளூர் வெள்ளையரின் சட்டமன்றம் கோலெடுத்தது. 1895இல் சட்டம் வந்துவிட்டது: இந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களில், தவணை முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இருப்பவர் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும். தோட்டத்தில் முதல் வருடச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். அரை வருட உழைப்பு வரிக்கே சரி. அடுத்து இந்தியரின் ஓட்டுரிமையில் கைவைத்தார்கள். ஆசியர் என்று வெளிப்படையாக எழுதிய மசோதாவை லண்டன் ஏற்கவில்லை. 1896இல் நாடாளுமன்றம் இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்று சுற்றி வளைத்து எழுதிக் காரியத்தைச் சாதித்தார்கள். கடல் தாண்டி இருந்தவனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்தது. பக்கத்துத் தோட்டக்காரனுக்கு அதுவும் இல்லை.

1903இல் வரி பிள்ளைகள் தலையிலும் விழுந்தது: பையனுக்குப் பதினாறு வயது, பெண்ணுக்குப் பதின்மூன்று. என் பாட்டி வெருலம் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவள். யார் கேட்டாலும் பன்னிரண்டு என்றே சொல்ல அவள் அப்பா பழக்கியிருந்தார். தாவணி கிடையாது. அதிகாரி வருகிறான் என்றால் இரட்டைச் சடையோடு வாசலில் உட்கார்ந்து சோழி ஆட வேண்டும். அப்படியே சில வருடம் பன்னிரண்டு வயதில் நின்றவளுக்குச் சாகும்வரை தன் வயது தெரியாது. நாங்கள் கேட்டால் "எந்தக் கணக்குப்படி?" என்பாள்.

மத்திய அரசு மட்டும் யோக்கியமா? 1950இல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது மத்திய நாடாளுமன்றம்தான். அது உங்களுக்கே தெரியும். ஆனால் நீங்கள் மெச்சும் அமெரிக்காவில், 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளை விடாமல் தடுத்தது ஆர்கன்சா மாநில ஆளுநர். அவர்களை உள்ளே கூட்டிப்போனது அதிபர் ஐசனோவர் அனுப்பிய ராணுவம். எந்த அரசுக்கு அதிகாரம் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த அரசு தப்புச் செய்தால் யாரிடம் போய் நிற்பீர்கள் என்று கேளுங்கள். நம் 1996 அரசியலமைப்பின் உரிமைச் சாசனம் நாடாளுமன்றம், மாகாணம், நகராட்சி மூன்றையும் கட்டுப்படுத்துகிறது. இதை ஏன் ஒருவரும் பெருமையாகப் பேசுவதில்லை?

கடமையா? மூன்று பவுன் வரி 1914இல் ஒழிந்தது. அந்த வரியை எதிர்த்து நேட்டாலின் நியூகாசில் சுரங்கத்தில் 1913இல் வேலையை நிறுத்திச் சிறைக்குப் போனவர்களிடம், ஓட்டுப் போட்டால் போதாதா என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டே இல்லாதவர்கள் அவர்கள். உங்களை யாரும் சிறைக்குப் போகச் சொல்லவில்லை. நகராட்சியின் வரவுசெலவு வரைவு மார்ச் முடிவதற்குள் வைக்கப்பட்டு மக்கள் கருத்துக்கு வரும். உங்கள் தண்ணீர்க் கட்டணம் அதில் இருக்கிறது. அதைப் படித்து முதலில் அவர்களுக்கு எழுதுங்கள், பிறகு எனக்கு எழுதலாம்.