லீக் அனுப்பிய வக்கீல் பில்லைக் கிளப் கட்ட வேண்டுமா?

கேள்வி: லண்டனின் வடமேற்குப் பகுதியில் நாங்கள் நடத்தும் சின்ன அமெச்சூர் கால்பந்து கிளப்புக்கு நான் பொருளாளர். பதிவு செய்யாத வீரரை இறக்கினோம் என்று சொல்லி, லீக் போன சீசனில் 6 புள்ளிகளைக் கழித்து அபராதமும் போட்டது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் 'கே' விதிப்படி நடுவர் மன்றத்துக்குப் போனோம் (ஆட்ட நடுவர்கள் அல்ல, கோர்ட்டுக்குப் பதிலாகத் தகராறை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்கள்). புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன, அபராதம் மட்டும் நிற்கிறது. தீர்ப்பில் செலவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இப்போது லீக் தன் வக்கீல் செலவில் பாதி என்று 3,800 பவுண்டு கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. 'லீக்கோடு தகராறுக்குப் போகும் கிளப், முடிவு எதுவானாலும் லீக்கின் செலவை ஏற்க வேண்டும்' என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறதாம். கட்டித்தான் ஆக வேண்டுமா? கிளப்பிடம் அவ்வளவு பணம் இல்லை. கமிட்டியில் இருக்கும் எங்கள் சொந்தப் பணத்துக்கு ஆபத்து வருமா?

பதில்: இப்போதைக்குப் பணத்தைக் கட்டாதீர்கள், கடிதத்தைக் கிடப்பிலும் போடாதீர்கள். முதலில் தீர்ப்பில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து 28 நாள் முடிந்துவிட்டதா இல்லையா என்பதை வைத்துத்தான் உங்கள் அடுத்த அடி இருக்கிறது.

காரணம் இதுதான். 'கே' விதியின் கீழ் நடக்கும் விசாரணைக்கு இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டம் பொருந்தும். செலவு வேண்டும் என்று மன்றத்திடம் ஏற்கெனவே கேட்டிருந்து, தீர்ப்பில் அது விடுபட்டுப் போயிருந்தால், 28 நாளுக்குள் கூடுதல் தீர்ப்பு கேட்கலாம் என்கிறது அந்தச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு. நீங்களும் கேட்கலாம், லீக்கும் கேட்கலாம். செலவு பொதுவாகத் தோற்றவர் தலையில் விழும் என்பது 61-ஆவது பிரிவு. உங்களுக்கோ பாதி வெற்றி, பாதி தோல்வி. மறுபடி மன்றத்தின் கதவைத் தட்டினால் இரண்டு பக்கக் கணக்கும் மேசைக்கு வரும். உங்கள் சொந்த வக்கீல் செலவு சில நூறு பவுண்டுதான் என்றால், அதற்காக இதைக் கிளறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து விதிப்புத்தகத்தில் உள்ள அந்த வரி. லீக் மொத்தமாகச் சாய்ந்து நிற்பது அதன் மேல்தான். அதைப் படித்துப் பயந்துபோய்க் கட்டிவிடுகிற கிளப்கள் பல, உங்களுக்கும் அப்படி நடந்துவிடக் கூடாது. அதே சட்டத்தின் 60-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: முடிவு எதுவானாலும் இன்னார்தான் முழுச் செலவையோ ஒரு பகுதியையோ ஏற்க வேண்டும் என்ற ஒப்பந்தம், தகராறு எழுந்த பிறகு செய்யப்பட்டிருந்தால் மட்டுமே செல்லும். உங்கள் லீக்கின் விதி தகராறுக்கு ரொம்ப முன்னாலேயே அச்சானது. சீசன் தொடக்கத்தில் நீங்கள் பதிவுப் படிவத்தில் போட்ட கையெழுத்து அதற்கு உயிர் கொடுக்காது. பெரிய அமைப்பு சின்னக் கிளப்பைச் செலவைக் காட்டியே வாயடைத்துவிடக் கூடாது என்பதற்கு இந்தப் பிரிவு நல்ல காவல். மன்றத்துக்குப் போகும் முன் லீக்குக்குள்ளேயே நடந்த விசாரணைக்கு ஆன செலவு வேறு கணக்கு. அதற்கு இந்தப் பிரிவு பொருந்தாமல் போகலாம். எனவே 3,800 பவுண்டில் எது எந்தக் கட்டத்தின் செலவு என்று தேதிவாரியாகப் பிரித்துக் கேளுங்கள்.

பிரித்துக் கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு. நடுவர்களின் கட்டணம் உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்தக் கட்டணத்துக்கு இரு தரப்பும் நடுவர்களிடம் சேர்ந்து பொறுப்பு. லீக் முழுவதையும் கட்டியிருந்தால், உங்கள் பங்கைக் கேட்பதில் நியாயம் இருக்கலாம். வக்கீல் செலவில் செலுத்த வேண்டிய பகுதி ஏதாவது இருந்தாலும், நியாயமாகச் செய்த செலவில் நியாயமான தொகைக்கு மட்டும்தான் பொறுப்பு. அது நியாயமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் கட்டுகிறவர் பக்கம்தான் சாய வேண்டும் என்று 63-ஆவது பிரிவே சொல்கிறது. உதாரணமாக, லீக் மூத்த வக்கீல் ஒருவரையும் ஜூனியர் இருவரையும் வைத்திருந்தால், ஒரு வீரரின் பதிவுப் படிவம் பற்றிய வழக்குக்கு இத்தனை பேர் எதற்கு என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

பாதி வெற்றி என்பது பெரிய இடங்களிலும் இதே குழப்பத்தைத்தான் தருகிறது. மான்செஸ்டர் சிட்டி, உரிமையாளரோடு தொடர்புள்ள நிறுவனங்களின் விளம்பர ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை எதிர்த்து பிரீமியர் லீக்கை நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. 2024 அக்டோபரில் தீர்ப்பு வெளியானது. பங்குதாரர் கொடுக்கும் கடன்களை விதியிலிருந்து விலக்கியது சட்டவிரோதம் என்றது மன்றம், ஆனால் இப்படி ஒரு கட்டுப்பாடு தேவை என்பதையும் ஏற்றது. இரண்டு பக்கமும் தாங்களே ஜெயித்ததாக அறிவித்தன. 2025 பிப்ரவரியில் பழைய விதிகள் செல்லாது என்று இன்னொரு முடிவு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இருவரும் சமரசம் ஆனார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிரீமியர் லீக் என்பது 20 கிளப்களும் ஆளுக்கு ஒரு பங்கு வைத்திருக்கும் கம்பெனி. லீக் வக்கீலுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டும் அந்த 20 பேரின் பொதுப் பணம், வழக்குப் போட்ட கிளப்பின் பங்கும் அதில் அடக்கம். உங்கள் லீக்கிலும் அப்படித்தான். அந்த உண்டியலில் உங்கள் சந்தாவும் இருக்கிறது. மற்றக் கிளப்களின் பொருளாளர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். தங்கள் சந்தா எங்கே போனது என்று கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் அந்த விதியையே எடுத்துவிடத் தீர்மானம் கொண்டுவரவும் முடியும்.

கோபத்தில் நேராகக் கோர்ட்டுக்குப் போய்விடாதீர்கள். 2020-இல் கொரோனாவால் ஸ்காட்லாந்து சீசன் பாதியில் நின்றபோது, ஹார்ட்ஸ், பார்ட்டிக் திஸில் என்ற இரண்டு கிளப்களும் தங்களைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கியதை எதிர்த்து எடின்பரோ நீதிமன்றத்துக்குப் போயின. நீதிபதி லார்ட் கிளார்க், இது ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கத்தின் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டியது என்று அனுப்பிவிட்டார். மன்றத்தில் அவர்கள் தோற்றார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவை, அதே முடிவால் மேல் பிரிவுக்கு ஏறிய டண்டீ யுனைடெட், ரெய்த் ரோவர்ஸ், கோவ் ரேஞ்சர்ஸ் ஆகிய கிளப்கள். தாங்கள் மேலே ஏறியதைக் காப்பாற்ற அவர்களும் வக்கீல் வைக்க வேண்டி வந்தது, அந்தச் செலவுக்கு ரசிகர்களிடம் நிதி திரட்டினார்கள். உங்கள் 6 புள்ளிகள் திரும்பி வந்ததால் அட்டவணையில் ஒரு படி இறங்கிய கிளப் எது என்று யோசித்துப் பாருங்கள். அவர்களையும் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் சொந்தப் பணம். இந்தக் கேள்வியைக் கமிட்டியில் எல்லோரும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கிளப் ஒரு கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் கடன் பொதுவாகக் கிளப்போடு நிற்கும். வெறும் சங்கமாக நடந்தால் (சின்னக் கிளப்கள் பெரும்பாலும் அப்படித்தான்) சட்டத்தின் கண்ணில் கிளப் என்று தனி ஆள் கிடையாது. சாதாரண உறுப்பினருக்குப் பொறுப்பு வழக்கமாகச் சந்தாவோடு முடிந்துவிடும், ஆனால் வழக்குக்குப் போகலாம் என்று முடிவெடுத்த கமிட்டிக்காரர்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பாகலாம். கமிட்டிக்காரர்களுக்குக் கிளப் நிதியிலிருந்து ஈடுகட்டப்படும் என்று உங்கள் அமைப்பு விதியில் ஏதாவது இருக்கிறதா, காப்பீட்டில் சட்டச் செலவு அடங்குமா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அடுத்த சீசனுக்கு முன் கிளப்பைக் கம்பெனியாக மாற்றிப் பதிவு செய்வது நல்லது, ஆனால் அது இந்தப் பழைய பாக்கியைத் தீர்க்காது.

லீக்குக்கு இரண்டு கடிதம் எழுதுங்கள். முதலாவதில், மன்றம் செலவுக்கு உத்தரவிடவில்லை, 60-ஆவது பிரிவின்படி அந்த விதி செல்லாது, பில்லின் விவரம் வேண்டும் என்று மட்டும் இருக்கட்டும். நிலுவையைக் காரணம் காட்டி ஆட்டங்களிலிருந்து நிறுத்தி வைக்க வேண்டாம், இந்தத் தொகை தகராறில் இருக்கிறது என்பதையும் அதிலேயே பதிவு செய்யுங்கள். இரண்டாவது கடிதம், 'செலவைத் தீர்மானிக்கும்போது தவிர வேறெங்கும் காட்டக் கூடாது' என்ற தலைப்போடு ஒரு சமரசத் தொகை. நடுவர் கட்டணத்தில் உங்கள் பாதி அளவு என்பது நல்ல தொடக்கம். விஷயம் மறுபடி மன்றத்துக்குப் போய் லீக்குக்கு அதைவிட அதிகம் கிடைக்காவிட்டால், இந்தக் கடிதத்தைக் காட்டி அதன் பிறகான செலவை அவர்களிடமே கேட்கலாம். இரண்டிலும் பொருளாளர் என்று கிளப்பின் சார்பில் கையெழுத்துப் போடுங்கள். 'நான் கட்டுகிறேன்' என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது.