‘சேஷம்’ என்றால் மீதமா, பிறகா?

கேள்வி: நாங்கள் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மகள் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள், நல்ல மார்க் வாங்கியவள். இப்போது பாலக்காட்டில் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம். முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரி தாளே போய்விட்டது. வகுப்பில் மலையாளத்தில் விளக்குவது பிடிபடவில்லை என்று அழுகிறாள். இதை நிறுத்திவிட்டு, அடுத்த வருஷம் பொள்ளாச்சியிலோ கோவையிலோ புதிதாகச் சேர்த்துவிடலாமா?

பதில்: இப்போது நிறுத்தாதீர்கள். இரண்டாம் செமஸ்டர் முடியட்டும், அப்புறம் யோசிக்கலாம்.

முதலில் பயத்தின் அளவைப் பார்ப்போம். கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய நாலு வருஷப் படிப்பு முறையில், மூன்று வருஷத்தில் பட்டம் வாங்கி வெளியே வர 133 கிரெடிட், அதாவது தாள்களைப் பாஸ் செய்து சேர்க்கும் புள்ளி, வேண்டும். அவளுக்குப் போன தாள் மேஜர் தாள், அதாவது முதன்மைப் பாடத் தாள் என்பதால் அதற்கு 4 கிரெடிட். அதைப் பின்னால் திரும்ப எழுதிக்கொள்ளலாம். அதற்காக வருஷம் போய்விடாது.

சரி, வகுப்பு ஏன் பிடிபடவில்லை? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் கெமிஸ்ட்ரி வகுப்பும் லேபும் எடுத்தவள் நான். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம்தான் இதை நானே கற்றுக்கொண்டேன். லேபில் உப்புப் பகுப்பாய்வு நடந்துகொண்டிருந்தது. ஓர் உப்பில் என்ன இருக்கிறது என்று குரூப் குரூப்பாகப் பிரித்துக் கண்டுபிடிக்கும் சோதனை அது. இரண்டாம் குரூப்புக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு செலுத்தி, வீழ்படிவை வடிகட்டி, வடிந்த நீரைக் கொதிக்கவைத்து அந்த வாயுவை விரட்டிய பிறகுதான் மூன்றாம் குரூப்புக்குப் போக முடியும். “ஃபில்டர் செய்ததினு சேஷம் சூடாக்கணும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அவள் வடிதாளில் தங்கியதைச் சுரண்டி எடுத்துச் சூடாக்கிக்கொண்டிருக்கிறாள். நோட்டில் “வடிகட்டியதில் மீதத்தைச் சூடாக்கு” என்று அழகாக எழுதியிருந்தாள். தமிழ்க் காதுக்கு சேஷம் என்றால் மிச்சம். நான் சொன்னது ‘பிறகு’. அவளுக்குக் கெமிஸ்ட்ரி தெரியாமல் இல்லை. ஒரு சொல் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஆக்சிடேஷன், கேட்டலிஸ்ட் போன்ற பெரிய சொற்களில் அநேகமாகத் தப்பு இருக்காது. அவற்றை மலையாள வகுப்பிலும் ஆங்கிலத்தில்தானே சொல்கிறோம். தடுக்கிவிடுவது இடையில் வரும் சின்னச் சொற்கள். மலையாளத்தில் ‘என்னால்’ என்பது ஆனால். அதை அவசரத்தில் ‘என்றால்’ என்று எழுதிவிட்டால் வாக்கியமே தலைகீழ். ‘எங்கில்’ என்பதுதான் என்றால். ‘அதுகொண்டு’ அதனால், ‘பகரம்’ பதிலாக, ‘மும்பு’ முன்பு, ‘வரெ’ வரைக்கும். ‘வெள்ளம்’ வெறும் தண்ணீர். “ஒரு அவசரம் கூடி தராம்” என்று டீச்சர் சொன்னால் இன்னொரு வாய்ப்பு தருகிறார் என்று அர்த்தம். அவசரப்படுத்துகிறார் என்று நினைத்து முகம் வாடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மொத்தம் இருபது, இருபத்தைந்து சொல் தேறும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் ஒரு மாதத்தில் வகுப்பு தெளிந்துவிடும். மலையாளம் முழுக்கக் கற்ற பிறகுதான் கெமிஸ்ட்ரி வரும் என்றில்லை.

பரீட்சை ஆங்கிலத்தில். அங்கே வேறு பயிற்சி வேண்டும். அன்றன்று நடந்த பாடத்தை, சாயங்காலம் நோட்டை மூடிவைத்துவிட்டு முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். உங்களிடமோ அம்மாவிடமோ சொன்னாலும் சரி. உங்களுக்குப் புரிய வேண்டும் என்பது முக்கியமில்லை. அதையே நாலு ஆங்கில வாக்கியமாக எழுதி, பிறகு நோட்டைத் திறந்து திருத்தட்டும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். செமஸ்டர் பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வருவதில்லையே.

கேள்வியில் டிஸ்டிங்குவிஷ் என்றிருந்தால் வேறுபாடு எழுத வேண்டும், ஜஸ்டிஃபை என்றிருந்தால் காரணம் எழுத வேண்டும். பாடம் தெரிந்தும் இந்தச் சொல்லைக் கவனிக்காமல் மார்க்கை விடுகிறவர்கள் நிறைய. 4 கிரெடிட் தாளில் 100-க்கு 30 இன்டர்னல் என்பதையும் மறக்க வேண்டாம். வகுப்பில் பேசக் கூச்சப்படுகிற பிள்ளை அதிகம் இழப்பது அங்கேதான்.

அடுத்து, அவளே டியூட்டரைப் போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் போய்ப் பேசுவதைவிட அதற்குப் பலன் அதிகம். “ஒண்ணும் புரியலை” என்று நின்றால் அவரால் என்ன செய்ய முடியும்? புரியாத ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, “மிஸ்ஸே, இவிடெ வரெ மனசிலாயி, இதினு சேஷம் மனசிலாயில்லா” (இதுவரை புரிந்தது, இதற்குப் பிறகு புரியவில்லை) என்று சொல்லட்டும். தமிழிலேயே சொன்னாலும் பாலக்காட்டில் தமிழ் புரியாத டீச்சர் அபூர்வம். அரசு, எய்டட் கல்லூரிகளுக்கென்று கேரளக் கல்லூரிக் கல்வித் துறையின் ஸ்காலர் சப்போர்ட் புரோகிராம் என்ற திட்டம் உண்டு. பாடத்தில் பின்தங்கியவர்களைச் சிறு குழுவாகச் சேர்த்து, வழக்கமான வகுப்பு நேரத்துக்கு வெளியே தனியாகச் சொல்லித் தருவார்கள். தன் டிபார்ட்மென்டில் அது நடக்கிறதா, பெயர் சேர்க்க முடியுமா என்று டியூட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதில் சேர்வதை அவமானமாக நினைக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. அது அவர்களுக்காகவே வைத்த வகுப்பு.

இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட்டுக்குப் பிறகும் கோவைதான் என்று மகளே சொன்னால் தாராளமாகப் போகலாம், தப்பே இல்லை. ஆனால் அங்கே போனாலும் ஆங்கில மீடியத்தில் சேர்ந்தால் விடையை ஆங்கிலத்தில் எழுத வேண்டிவரும். அந்தப் பயிற்சியை இங்கேயே தொடங்கிவிடலாம். இங்கே டி.சி. வாங்குவதற்கு முன், சேரப்போகும் கல்லூரியில் இங்கே எடுத்த கிரெடிட்டை ஏற்பார்களா, முதல் வருஷத்திலிருந்து உட்கார வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.